மூப்படையும் செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனத்தில் முதலீடு: பங்கை வாங்குமுன் எதை, எந்த வரிசையில் படிப்பது?

செயற்கைக்கோள் தொலைபேசிச் சேவை நடத்தும் குளோபல்ஸ்டார் நிறுவனம் 2006 நவம்பரில், பங்கு ஒன்றுக்கு 17 டாலர் விலையில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தது. மூன்றே மாதங்களில், 2007 பிப்ரவரியில், அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையத்தில் அது ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்தது. செயற்கைக்கோள்களின் எஸ்-அலைவரிசை ஆண்டெனாவுக்கான, சமிக்ஞையை வலுப்படுத்தும் பெருக்கிகள் முன்பு கணித்ததைவிட வேகமாகத் திறன் இழந்து வருகின்றன என்றும், தீர்வு கிடைக்காவிட்டால் 2008-இல் ஏதோவொரு கட்டத்தில் அப்போது சுற்றிக்கொண்டிருந்த ஏறத்தாழ எல்லாச் செயற்கைக்கோள்களும் இருவழிப் பேச்சுக்கு உதவாமல் போகக்கூடும் என்றும் அதில் கண்டிருந்தது. பெருக்கிகளில் கோளாறு இருப்பது புதுச் செய்தி அல்ல. நிறுவனம் அதை முன்பே சொல்லியிருந்தது. மாறியது தேய்மானத்தின் வேகம் மட்டுமே. ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் அடுத்த ஆறு ஆண்டுகளுக்குப் பங்குதாரர்களின் கணக்கு முழுவதும் தலைகீழானது.

அதே தலைமுறையைச் சேர்ந்த இரிடியம் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் 5 முதல் 8 ஆண்டுகள் வரை உழைக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. 1997, 1998-இல் ஏவப்பட்ட அவற்றில் பல, 2017-க்குப் பிறகு புதியவை வந்து இடத்தைப் பிடிக்கும் வரை வேலை செய்தன. ஆகவே, "செயற்கைக்கோளுக்கு வயதாகிவிட்டது" என்ற ஒற்றை வரியைக் கொண்டு இத்தகைய நிறுவனத்தின் பங்கை விற்பதும் சரியல்ல, "இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்ற சமாதானத்தில் வாங்குவதும் சரியல்ல. பழைய வலையமைப்பின் வருமானம் எந்த நாள் வரை தாங்கும், புதிய வலையமைப்பு எந்த நாளில் வருமானம் ஈட்டத் தொடங்கும், இவ்விரு நாட்களுக்கும் நடுவில் கடன் தவணை எப்போது விழுகிறது என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. ஒழுகும் பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே கடன் வாங்கிப் புதுவீடு கட்டுகிறவரின் கணக்கு இது. வீடு எவ்வளவு அழகாக அமையும் என்பதைவிட, கூரை எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதே அங்கே முதல் கேள்வி.

எந்த உறுப்பு தேய்கிறது என்று கண்டுபிடியுங்கள்

முதலில் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் அது 10-கே அறிக்கை; ஆணையத்தின் எட்கர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும். அதில் இடர்க் காரணிகள் என்ற பகுதியை, இந்த ஆண்டுக்கும் சென்ற ஆண்டுக்கும் உரியவற்றை அருகருகே திறந்து வைத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பெரும்பாலான வாக்கியங்கள் அச்சு மாறாமல் அப்படியே இருக்கும். வழக்கறிஞர்கள் காரணமின்றி அங்கே எதையும் தொடுவதில்லை. அதனாலேயே தொட்ட இடம் முக்கியமாகிறது. "திறன் குறையக்கூடும்" என்று சென்ற ஆண்டு இருந்தது "திறன் குறைந்துவருகிறது" என்று இந்த ஆண்டு மாறியிருந்தால், தலைமை நிர்வாகியின் கடிதத்தை விட்டுவிட்டு அந்தப் பத்தியோடு உட்காருங்கள்.

அடுத்து, தேயும் உறுப்பு எந்தச் சேவையைத் தாங்குகிறது என்று பாருங்கள். குளோபல்ஸ்டாரின் செயற்கைக்கோள்கள் சுமார் 1,414 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே படும் கதிர்வீச்சே பெருக்கிகளைச் சிதைத்திருக்கலாம் என்று நிறுவனம் கருதியது. அடிபட்டது செயற்கைக்கோளிலிருந்து கைபேசிக்கு இறங்கும் எஸ்-அலைவரிசை மட்டும்தான். கருவியிலிருந்து மேலே செல்லும் எல்-அலைவரிசைக்குப் பழுதில்லை. ஆகவே, பேச்சுச் சேவை நலிந்த அதே வானத்தில், மேல்நோக்கிச் செய்தி அனுப்பினால் மட்டும் போதும் என்றிருந்த ஒருவழிக் கருவிகள் குறையின்றி வேலை செய்தன. 2007-இல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்பாட் என்ற இருப்பிடம் காட்டும் கருவி இந்த வகையைச் சேர்ந்தது. பாதி ஊனமான வலையமைப்பிலும் விற்க எது மிஞ்சும் என்று நிர்வாகம் யோசித்ததன் விளைவு என்றே அதைப் படிக்கத் தோன்றுகிறது, பாராட்டத்தக்க யோசனைதான்.

வலையமைப்பின் கட்டுமானமும் தேய்மானத்தின் போக்கை முடிவு செய்கிறது. இரிடியத்தில் 6 சுற்றுப்பாதைகளில் பாதைக்கு 11 வீதம் 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றோடொன்று ரேடியோ இணைப்பால் பேசிக்கொள்கின்றன. குளோபல்ஸ்டாரில் அந்த இணைப்பு கிடையாது. ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் தன் கீழே தெரியும் தரைநிலையத்துக்குச் சமிக்ஞையைத் திருப்பிவிடுகிறது. ஒரு செயற்கைக்கோள் போனால் இரிடியத்தில் பூமி முழுவதும் நகரும் ஒரு சிறு ஓட்டை விழும். மாற்றுச் செயற்கைக்கோள் கைவசம் இருந்தால் அதைக் கொண்டு அடைக்கலாம். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33 பழைய ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மாஸ் 2251-உடன் மோதிச் சிதறியபோது, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த மாற்று ஒன்று சில வாரங்களில் அந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டது. ஆகவே இரிடியம் போன்ற நிறுவனத்தில் நீங்கள் ஆண்டுதோறும் குறித்துவைக்க வேண்டியது சராசரி வயதை அல்ல, சுற்றுப்பாதையில் உள்ள மாற்றுகளின் எண்ணிக்கையை. குளோபல்ஸ்டாரில் நடந்தது வேறு: எல்லாவற்றிலும் ஒரே உறுப்பு, ஒரே காரணத்தால், ஏறத்தாழ ஒரே காலத்தில் தேய்ந்தது. அங்கே பழைய மாற்றுகள் உதவா. அவையும் அதே பெருக்கியோடு பிறந்தவை. 2007 மே, அக்டோபர் மாதங்களில் நான்கு நான்காக ஏவப்பட்ட 8 செயற்கைக்கோள்கள் புதியவை என்பதால் மட்டுமே சேவையை இழுத்துப் பிடித்தன.

பூமியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் நிலைவட்டப் பாதையில் ஒன்றிரண்டு பெரிய செயற்கைக்கோள்களை மட்டும் நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே படிப்படியான சரிவு என்பதே இல்லாமல் போகலாம். துராயா நிறுவனம் 2008-இல் ஏவிய துராயா-3 செயற்கைக்கோள், 2024 ஏப்ரலில் பயன்சுமையில், அதாவது தகவல்தொடர்புக் கருவித் தொகுதியில், ஏற்பட்ட கோளாறால் முடங்கியபோது ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் வாடிக்கையாளர்கள் ஒரேயடியாகச் சேவையை இழந்தார்கள். துராயா-4 ஏவப்பட்டது 2025 ஜனவரியில்; அதுவும் முதன்மையாக ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, மத்திய ஆசியா ஆகியவற்றை மனத்தில் கொண்டு திட்டமிடப்பட்டது. அடுத்தது வருகிறது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எந்த நிலப்பரப்புக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வருமானம் எதைப் பிடித்துத் தொங்குகிறது?

சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். குளோபல்ஸ்டாரில் 2006-க்கும் 2009-க்கும் இடையில் சந்தாதாரர் எண்ணிக்கை கூடியது. ஆண்டு வருமானமோ சுமார் 13.7 கோடி டாலரிலிருந்து சுமார் 6.4 கோடி டாலராக, பாதிக்கும் கீழே இறங்கியது. மாதம் பெருந்தொகை கட்டிய பேச்சுச் சந்தாதாரர் வெளியேறிய இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறை சிறுதொகை கட்டும் ஸ்பாட் சந்தாதாரர் வந்து சேர்ந்தால் எண்ணிக்கை அழகாகவே இருக்கும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சந்தாதாரருக்கு மாதம் எவ்வளவு வருமானம் என்ற வரியைத் தனித்தனியே எடுத்து, எட்டுக் காலாண்டுகளுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலையமைப்பின் உண்மையான உடல்நிலை அந்த வரிசையில்தான் தெரியும்.

நிறுவனம் வாடிக்கையாளரிடம் என்ன பேசுகிறது என்றும் பாருங்கள். குளோபல்ஸ்டார் அந்நாட்களில் தன் இணையதளத்தில் ஒரு கருவியை வைத்திருந்தது. நீங்கள் இருக்கும் இடத்தைக் கொடுத்தால், நல்ல நிலையில் உள்ள செயற்கைக்கோள் எந்த நேரம் தலைக்கு மேலே வரும், எப்போது அழைத்தால் பேச முடியும் என்று அது சொல்லும். நெருக்கடியில் உதவும் என்று நம்பி வாங்கிய தொலைபேசிக்குப் பேருந்துக்கு இருப்பதுபோல் கால அட்டவணை வந்துவிட்டது என்றால், அதன் பிறகு கட்டணத்தைக் குறைப்பதைத் தவிர நிறுவனத்துக்கு வழியில்லை, குறைக்கவும் செய்தது. இப்படிப்பட்ட தகவல்கள் ஆண்டறிக்கைக்கு வருமுன்பே விற்பனை முகவர்களின் கட்டணப் பட்டியலில் தெரிந்துவிடும்.

எதிர்ப்புறத்தில், பழுதடையும் காலத்திலும் அசையாத வருமானம் இருக்கிறதா என்று தேடுங்கள். இரிடியத்துக்கு அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. மோட்டோரோலாவின் கனவாகத் தொடங்கிச் சுமார் 500 கோடி டாலரை விழுங்கி, 1998 நவம்பரில் சேவை தொடங்கி, 1999 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்த அந்த வலையமைப்பை, 2000 இறுதியில் ஒரு குழு 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் குழுவுக்குத் துணிச்சலைத் தந்தது, பாதுகாப்புத் துறை கொடுத்த இரண்டாண்டு, 7.2 கோடி டாலர் ஒப்பந்தம். 2019-இல் கையெழுத்தான ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 73.85 கோடி டாலர். எத்தனை படைவீரர்கள் பயன்படுத்தினாலும் தொகை மாறாது. இத்தகைய நிலைத்த தொகை ஆண்டு வட்டிச் செலவில் எவ்வளவு பங்கைத் தாங்கும் என்று வகுத்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் உங்கள் தாளில் சிவப்பு மையில் குறியுங்கள்.

புது வலையமைப்புக்குப் பணம் தருபவர் யார், எந்த நிபந்தனையில்?

நேரம் குறைவாக இருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது ஆற அமரச் செய்ய வேண்டும். நிறுவனம் அறிவிக்கும் மொத்தத் திட்டச் செலவை நான்காகப் பிரியுங்கள்: செயற்கைக்கோள் உற்பத்தி, ஏவுதல், தரைநிலையங்கள், காப்பீடும் பிறவும். செய்தி அறிக்கைகளில் முதல் இரண்டுமே பேசப்படும். குளோபல்ஸ்டார் தன் இரண்டாம் தலைமுறைக்காக 2006 இறுதியில் 48 செயற்கைக்கோள்களுக்கு 66.1 கோடி யூரோ மதிப்பில் ஒப்பந்தம் போட்டது. தரைநிலையக் கருவிகளுக்காக 2008-இல் ஹியூஸ் நிறுவனத்தோடு தனியாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஒப்பந்தம் யூரோவிலும் வருமானம் பெரும்பாலும் டாலரிலும் இருந்தால், நாணய மாற்று இடரும் பங்குதாரர் தலையில்தான் விழுகிறது.

இரிடியம் 2010 ஜூனில் அறிவித்த, புது வலையமைப்புக்கான நெக்ஸ்ட் திட்டத்தின் கணக்கு மாதிரியாக வைத்துக்கொள்ள ஏற்றது. மொத்தச் செலவு சுமார் 290 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அதில் 81 செயற்கைக்கோள்களுக்காகத் தாலெஸ் அலேனியா ஸ்பேஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு சுமார் 210 கோடி. ஏவுதலுக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு 49.2 கோடி. நிதியில் 180 கோடி டாலர் வங்கிக் கடன். அதன் 95 விழுக்காட்டுக்குப் பிரான்ஸ் அரசின் ஏற்றுமதிக் கடன் காப்புறுதி அமைப்பான கோஃபாஸ் பொறுப்பேற்றது. போட்டியில் இருந்த லாக்ஹீட் மார்ட்டினைத் தாண்டிப் பிரெஞ்சு நிறுவனம் வென்றதற்குப் பின்னால் இந்தக் காப்புறுதி பெரும் வலுவாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2008 நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில், சாதாரண வங்கிக் கடனால் இப்படி ஒரு திட்டம் எழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. குளோபல்ஸ்டாரையும் 2009-இல் காப்பாற்றியது இதே கோஃபாஸ் காப்புறுதியோடு வந்த சுமார் 58.6 கோடி டாலர் கடன்தான்.

இங்கே முதலீட்டாளர் கேட்க வேண்டியது 290 கோடியில் 180 கோடி போக மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது. இரிடியம் அதைப் பெரும்பாலும் தன் அன்றாட வணிகத்தின் ரொக்க வரவிலிருந்தும், செயற்கைக்கோளில் பிறருடைய கருவிகளை ஏற்றிச் செல்வதற்கான கட்டணத்திலிருந்தும் எதிர்பார்த்தது. இரண்டாவதில் முதன்மையானது எய்ரியான் என்ற விமானக் கண்காணிப்பு நிறுவனம். அது தர வேண்டிய கட்டணம் சுமார் 20 கோடி டாலர். அந்தப் பணம் எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை. நிறுவனம் 2012-இலும் 2014-இலும் 7 விழுக்காட்டை ஒட்டிய ஈவுத்தொகையில், பின்னாளில் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளத்தக்க முன்னுரிமைப் பங்குகளை வெளியிட்டது. கோஃபாஸ் கடனின் நிபந்தனைகள் பலமுறை திருத்தப்பட்டன. 2018 மார்ச்சில், செயற்கைக்கோள்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்த வேளையில், 10.25 விழுக்காடு வட்டியில் 36 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆகவே, திட்டத்தின் வரவுப் பட்டியலில் இன்னும் பணம் திரட்டாத ஒரு மூன்றாம் தரப்பு இருந்தால், அந்த வரியைப் பூஜ்ஜியம் என்று வைத்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். அப்போதும் தவணை கட்ட முடிகிறதா என்பதே சோதனை.

கடன் ஒப்பந்தம் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பாகக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. அசல் திருப்பிக் கட்டத் தொடங்கும் தேதி, அந்தத் தேதி ஏவுதலோடு கட்டப்பட்டதா நாட்காட்டியோடு கட்டப்பட்டதா, தவணைக்காக ஒதுக்கி வைக்க வேண்டிய இருப்பு, வருமானத்துக்கும் கடனுக்குமான உச்ச விகிதம், மீறினால் முதன்மைப் பங்குதாரர் புதுப்பணம் போட வேண்டிய கடமை ஆகியவற்றை மட்டும் தேடி எடுங்கள். ஏவுதல் தள்ளிப்போய், தவணை தள்ளிப்போகாத ஒப்பந்தம்தான் மிகவும் ஆபத்தானது.

குளோபல்ஸ்டார் பங்குதாரர்கள் உண்மையில் பணத்தை இழந்த விதத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2002-இல் ஒருமுறை திவால் மனு கொடுத்த அந்த நிறுவனம், அதன் பிறகு மீண்டும் திவாலாகவில்லை. 2004 வாக்கில் அதைத் தன்வசப்படுத்திய தெர்மோ என்ற முதலீட்டு நிறுவனம் தொடர்ந்து பணம் போட்டுக் காப்பாற்றியது. காப்பாற்றிய ஒவ்வொரு முறையும் புதுப்பங்குகளும் பங்காக மாறும் பத்திரங்களும் பிறந்தன. பட்டியலிட்ட காலத்தில் சுமார் 7 கோடியாக இருந்த பங்குகள், 2014 இறுதியில் சுமார் 100 கோடியாகவும், 2020 இறுதியில் 160 கோடிக்கு மேலாகவும் பெருகின. இடையில் பங்கு விலை ஒரு டாலருக்குக் கீழே வெகுகாலம் கிடந்து, 2012 இறுதியில் நாஸ்டாக் பங்குச் சந்தையை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த வெளியேற்றமே, மாற்றத்தக்க கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. கொடுக்கப் பணம் இல்லை. 2013-இல் பழைய பத்திரத்துக்குப் பதில் புதுப் பத்திரம் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். கடன் பத்திரத்தில் எந்தெந்த நிகழ்வு நடந்தால் பணத்தை உடனே திருப்பிக் கேட்கலாம் என்ற பகுதியை வெறும் சட்டச் சொற்கள் என்று தாண்டிவிடாதீர்கள்.

பழைய விலை வரைபடங்களைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குளோபல்ஸ்டார் 2025 பிப்ரவரியில் 15 பங்குகளை ஒன்றாக இணைத்தது. ஆகவே இப்போதைய வரைபடத்தில் 2006-இன் 17 டாலர் 255 டாலராகத் தெரியும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டுவிட்டுப் பங்கு நன்றாக மீண்டுவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு.

ஏவுதல் தேதிகளைத் தனி ஏட்டில் குறியுங்கள்

ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் நிறுவனம் சொன்ன முதல் ஏவுதல் தேதியையும் கடைசி ஏவுதல் தேதியையும், அறிக்கை வந்த தேதியோடு சேர்த்து எழுதிவாருங்கள். இரிடியம் 2010-இல் சொன்னது 2015 தொடக்கம் முதல் 2017 வரை. நடந்தது 2017 ஜனவரி 14 முதல் 2019 ஜனவரி 11 வரை. எட்டு ஏவுதல்கள், 75 செயற்கைக்கோள்கள், மிச்சம் ஆறு அப்போது தரையில் இருப்பாக வைக்கப்பட்டன. தாமதத்தில் சில நிறுவனத்தின் கையில் இல்லாதவை: முதலில் இரண்டு செயற்கைக்கோள்களை ரஷ்யாவின் நெப்ர் ராக்கெட்டில் அனுப்பும் திட்டம் அனுமதி கிடைக்காமல் கிடப்பில் போனது, 2016 செப்டம்பர் 1 அன்று வேறொரு நிறுவனத்தின் செயற்கைக்கோளோடு ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது, இரிடியமும் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாண்டுத் தாமதம் இத்துறையில் விபத்தல்ல, வழக்கம். எனவே நிறுவனம் சொல்லும் தேதியோடு இரண்டாண்டைக் கூட்டி, அந்தத் தேதி வரை பழைய வலையமைப்பும் கையிருப்பும் தாங்குமா என்று பாருங்கள். இரிடியத்தில் தாங்கியது, ஏனெனில் பழையவை எதிர்பார்த்ததைவிட நீண்டகாலம் உழைத்தன. குளோபல்ஸ்டாரில் 2010 அக்டோபரில் தொடங்கிய ஏவுதல்கள் நான்கு தவணைகளாக 2013 பிப்ரவரி வரை இழுத்தன. அதற்குள் பேச்சுச் சந்தாதாரர்களில் பெரும்பகுதியினர் போய்விட்டிருந்தார்கள். போனவர்களுக்குத் திரும்பி வர அவசரம் ஒன்றும் இல்லை.

ஒரே ராக்கெட்டில் எத்தனை ஏற்றுகிறார்கள் என்பதும் முக்கியம். 1998 செப்டம்பரில் ஜெனிட் ராக்கெட் ஒன்று தோற்றபோது குளோபல்ஸ்டாரின் 12 செயற்கைக்கோள்கள் ஒரே நாளில் போயின. காப்பீடு பணத்தைத் தரும். இழந்த மாதங்களைத் தராது.

பழையதிலிருந்து புதியதற்கு மாறும் முறையையும் விசாரியுங்கள். இரிடியத்தின் புதிய செயற்கைக்கோள் அதே அலைவரிசையில், அதே பழைய கைபேசிகளோடு பேசும்படி அமைக்கப்பட்டது. பழையதன் அருகே புதியதைக் கொண்டுவந்து, அண்டைச் செயற்கைக்கோள்களோடு இருந்த இணைப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட்டுப் பழையதை வளிமண்டலத்தில் எரிய விட்டார்கள். வாடிக்கையாளர் கருவியை மாற்ற வேண்டியதில்லை என்பது சந்தாதாரரை இழக்காமல் இருப்பதற்கு அவர்கள் செய்த மிகப் பெரிய முதலீடு என்பேன். புதுக் கருவி வாங்கினால்தான் புதுச் சேவை என்று ஒரு நிறுவனம் சொன்னால், பாதி வாடிக்கையாளர் அந்தச் சமயத்தில் போட்டியாளர் கடைக்கும் ஒருமுறை போய்ப் பார்ப்பார் என்று கணக்கில் கொள்ளுங்கள்.

மாற்றி முடித்த பிறகு வரும் மயக்கம்

புது வலையமைப்பு முழுமையானதும் நிறுவனத்தின் முகமே மாறிவிடும். இரிடியம் 2019 இறுதியில் 145 கோடி டாலர் புதிய வங்கிக் கடன் வாங்கிக் கோஃபாஸ் கடனை அடைத்தது, அடுத்தடுத்து 10.25 விழுக்காட்டுப் பத்திரமும் தீர்ந்தது. பின்னர் பங்குகளைத் திரும்ப வாங்கவும், 2023 முதல் ஈவுத்தொகை வழங்கவும் தொடங்கியது. மூலதனச் செலவு சிறுத்துப்போன இந்த இடைக்காலத்தில், வட்டி, வரி, தேய்மானம் கழிக்குமுன் உள்ள லாபத்தையே எல்லோரும் பேசுவார்கள். 2023-இல் அது சுமார் 46 கோடி டாலர். ஆனால் அடுத்த மாற்றத்தின் மணி அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. 300 கோடி டாலர் வலையமைப்பு 15 ஆண்டு உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 20 கோடி டாலரை மனத்தளவில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தையே பங்குதாரருக்கான வரவு என்று பாருங்கள். ஏவுதல் செலவு குறைந்துவருவதால் அடுத்தது மலிவாகவும் முடியலாம்; அதற்காக அந்த வரியைப் பூஜ்ஜியமாக்க முடியாது.

தேய்மானக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். இரிடியம் 2023 இறுதியில் தன் செயற்கைக்கோள்களின் கணக்கியல் ஆயுளை 12.5 ஆண்டுகளிலிருந்து 17.5 ஆண்டுகளாக உயர்த்தியது. முதல் தலைமுறையின் வரலாற்றைப் பார்த்தால் அதற்கு நியாயம் உண்டு. இருந்தாலும், ஒரே ஒரு மதிப்பீட்டு மாற்றத்தால் ஆண்டுத் தேய்மானச் செலவு கணிசமாகக் குறைந்து நிகர லாபம் உயர்ந்தது. சுற்றுப்பாதையில் எதுவும் மாறவில்லை, ரொக்கமும் கூடவில்லை. லாபம் திடீரென ஏறிய காலாண்டில் முதலில் குறிப்புகளுக்குப் போய் ஆயுள் மதிப்பீடு மாறியதா என்று பாருங்கள்.

வாடிக்கையாளரே செலவை ஏற்கும்போது

குளோபல்ஸ்டாரின் இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் 15 ஆண்டு ஆயுள் கொண்டவை. ஆகவே அவற்றுக்கும் 2025-ஐ ஒட்டி வயது வந்துவிட்டது. இந்த முறை பணம் வந்த வழி வேறு. 2022 பிப்ரவரியில் கனடாவின் எம்டிஏ நிறுவனத்தோடு 17 செயற்கைக்கோள்களுக்கு 32.7 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது; அந்த ஆண்டு செப்டம்பரில், ஐபோன் 14-இன் அவசரச் செய்திச் சேவைக்குப் பின்னால் இருப்பது குளோபல்ஸ்டார் என்று வெளிவந்தது. ஒப்புக்கொண்ட மூலதனச் செலவில் 95 விழுக்காட்டை ஆப்பிள் ஏற்கும். பதிலுக்கு வலையமைப்பின் 85 விழுக்காடு கொள்ளளவு ஆப்பிளுக்கு. 2024 நவம்பரில் அடுத்த படியாக 110 கோடி டாலர் வரை முன்பணமும், வலையமைப்பை வைத்திருக்கும் துணை அமைப்பில் 20 விழுக்காட்டுப் பங்குக்கு 40 கோடி டாலரும் தர ஆப்பிள் ஒத்துக்கொண்டது.

வங்கி நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் இது பங்குதாரருக்குப் பெரும் ஆறுதல் என்று தோன்றும், ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் கேள்விகள் இடம் மாறியிருக்கின்றனவே தவிர மறையவில்லை. முன்பணம் என்பது பின்னாளில் சேவையாகத் திருப்பித் தர வேண்டிய கடன். அதை எந்த ஆண்டுகளில், வருமானத்தின் எந்தப் பகுதியிலிருந்து கழிக்கிறார்கள் என்று பாருங்கள். துணை அமைப்பில் 20 விழுக்காடு வெளியாரிடம் இருந்தால், ஒருங்கிணைந்த கணக்கில் காட்டும் லாபம் முழுவதும் உங்களுடையதல்ல. எந்தச் சூழலில், எத்தனை மாத முன்னறிவிப்போடு அந்த வாடிக்கையாளர் விலகலாம் என்ற விதியைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். குவால்காம் நிறுவனத்தோடு 2023 ஜனவரியில் ஆரவாரமாக அறிவிக்கப்பட்ட இரிடியத்தின் கைபேசிக் கூட்டு, கைபேசி உற்பத்தியாளர்கள் எவரும் முன்வராததால் அதே ஆண்டு நவம்பரில் முடிவுக்கு வந்தது. அந்தக் கூட்டை நம்பி உயர்ந்த விலையில் வாங்கியவர்களுக்குப் பத்து மாதம்தான் கிடைத்தது.

போட்டி பற்றிய பத்தியையும் இந்த இடத்தில் படிப்பது நல்லது. 2025 செப்டம்பரில் எக்கோஸ்டார் நிறுவனத்திடமிருந்து சுமார் 1,700 கோடி டாலருக்கு அலைவரிசை உரிமைகளை வாங்க ஸ்பேஸ்எக்ஸ் ஒப்புக்கொண்டது. சாதாரணக் கைபேசியோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள் சேவை அதன் நோக்கம். இரிடியத்தின் ராக்கெட் சேவையாளராக இருந்த அதே நிறுவனம் இப்போது அதன் சந்தைக்குள் கால் வைக்கிறது. எனவே உங்கள் தாளில் உள்ள மூன்று தேதிகளோடு நான்காவதாக ஒன்றைச் சேருங்கள்: போட்டிச் சேவை, உங்கள் நிறுவனத்தின் எந்த வருமானப் பிரிவை, எந்த ஆண்டில் தொடும் என்பது. கடலிலும் வானூர்தியிலும் தொலைதூர இயந்திரங்களிலும் பொருத்தப்படும் கருவிகளுக்கான வருமானத்தையும், மனிதர் கையில் வைத்துப் பேசும் தொலைபேசிக்கான வருமானத்தையும் அதற்காகத் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். முன்னதற்கும் பின்னதற்கும் ஒரே தேதியைப் போட்டிருந்தால், பிரிவுவாரி வருமான அட்டவணைக்குத் திரும்பிப் போய் மறுபடி படியுங்கள்.